எந்த ஊர் மழை, எந்த ஊர்ப் பனி? குழந்தைகளுக்குப் பருவகாலப் படப்புத்தகம் தேர்ந்தெடுக்கும் முன்

மார்கழி மாலை ஒன்றில், எங்கள் நூலகத்துச் சிறுவர் பிரிவில் ஒரு படப்புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். தெருவெல்லாம் வெள்ளை, கூரையெல்லாம் வெள்ளை, நடுவில் கம்பளித் தொப்பி போட்ட சிறுவன். "இரவெல்லாம் பனி பெய்திருந்தது" என்று படித்ததும், ஐந்து வயதுப் பெண் ஒருத்தி எழுந்து வந்து படத்தின்மேல் விரலை வைத்தாள். "அக்கா, இது பனி இல்ல, உப்பு அம்பாரம்."

தூத்துக்குடிப் பிள்ளை. அவள் அம்மா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். அவள் சொன்னதில் பிழையே இல்லை. அவளுக்குப் பனி என்றால் விடியற்காலையில் புல்லை நனைத்திருப்பது, தாத்தாவைத் தலையில் துண்டு கட்ட வைப்பது. மொழிபெயர்ப்பில் இதற்கும், குளிர்நாடுகளில் வெள்ளையாகக் கொட்டும் பனிக்கும் அதே சொல்லைப் போட்டுவிடுகிறோம். கண்ணெதிரே குவிந்திருக்கும் வெள்ளைக்கு அவள் தனக்குத் தெரிந்த பெயரைச் சொன்னாள்.

அதற்கப்புறம் பருவகாலப் புத்தகம் எது கையில் வந்தாலும், எழுத்தைப் படிக்காமல் முதலில் படங்களை மட்டும் புரட்டுகிறேன். வானம் என்ன நிறம், தரை ஈரமா புழுதியா, பிள்ளைகள் காலில் என்ன போட்டிருக்கிறார்கள், மரத்தில் பூவா காயா. என் முன்னால் உட்காரும் பிள்ளைக்கு இது தெரிந்த காலம்தானா என்று பார்க்கிறேன்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. நம் நாட்டுப் படப்புத்தகங்கள் பலவற்றில் பள்ளி திறந்ததும் மழை, புதுக் குடை, ஆடும் மயில். கேரளத்துக்கும் மும்பைக்கும் அது சரி. ஜூனில் சாரல் அடிக்கும் தென்காசிக்கும் சரி. தூத்துக்குடியில் ஜூன் மாதம் என்றால் காற்றும் புழுதியும்தான். எங்கள் மழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான். ஆகவே மழைப் புத்தகத்தை உங்கள் ஊரில் மழை வந்த வாரத்தில் எடுங்கள். முந்தின இரவு விளக்கைச் சுற்றிய ஈசலும், மண்ணில் ஊரும் சிவப்புத் தம்பலப்பூச்சியும் அப்போது பிள்ளைகளின் நினைவில் இருக்கும். பாதிக் கதையை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மழை என்றாலே காகிதக் கப்பல், கும்மாளம் என்று வரைவதும் எனக்கு இப்போது உறுத்துகிறது. மழை விழுந்தால் உப்பு வாருவது நிற்கும், வீட்டுக்கு வரும் கூலியும் நிற்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. வெள்ளம் வடிந்து நூலகத்தைத் திறந்த வாரத்தில் நான் ஒரு தவறு செய்தேன். வழக்கமாக வாசிக்கும் காகிதக் கப்பல் புத்தகத்தையே எடுத்தேன். இரண்டாவது பக்கத்தில் ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டான். வீட்டுக்குள் தண்ணீர் ஏற ஏற, ஓர் இரவு முழுக்கக் கட்டில்மேல் நின்றவன் அவன். புத்தகத்தை மூடிவிட்டுத் தாளும் கிரேயானும் கொடுத்தேன். மழைப் புத்தகங்களை ஒரு மாதம் அலமாரிக்குள் வைத்துவிட்டேன். திரும்ப எடுத்தபோது, மழைக்குப் பயப்படும் பிள்ளையும் அதன் பக்கத்தில் நகராமல் உட்கார்ந்திருக்கும் பெரியவரும் வரும் கதையாகத் தேடினேன். "இதற்கெல்லாமா பயம்?" என்று கேலி செய்யும் கதைகள் அப்போது வேண்டவே வேண்டாம்.

கோடைக்குப் பனைமரம் உள்ள புத்தகம் ஒன்று இருந்தால் எங்கள் பக்கம் வருடம் முழுக்க ஓடும். பங்குனியில் பதநீர், சித்திரையில் நுங்கு, ஆவணியில் பழம், தையில் கிழங்கு. புத்தகம் வாங்க வசதியில்லாத இடங்களில், சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகத் தரவிறக்கலாம். நான்கைந்து வயதுக்கு, அதில் மிக எளிதான முதல் நிலைக் கதைகள் போதும். முடிந்தால் அச்செடுத்துக் கையில் கொடுங்கள்.

அந்தப் பனிப் புத்தகத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. இப்போது அதைக் கத்திரி வெயிலில் எடுக்கிறேன், ஒரு தட்டு நிறையச் சீவிய ஐஸோடு. "உப்பு மாதிரியே இருக்கு, ஆனா கையிலயே கரையுது" என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

நாள்காட்டி சொல்லாத ஒரு பருவமும் கடற்கரைப் பிள்ளைகளுக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். கடல் புத்தகங்களை அப்போதுதான் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன், அப்பாவோடு சேர்ந்து பார்க்கச் சொல்லி. போன வருடம் ஒரு தகப்பனார் மகனைக் கூட்டிக்கொண்டு, புத்தகத்தைத் திருப்பித் தர அவரே வந்தார். ஒரு பக்கத்தை விரித்து, "இந்த வலையில இந்த மீன் படாதும்மா" என்றார். "அப்ப எந்த வலைப்பா?" என்று மகன் கேட்டான். இருவரும் தரையிலேயே உட்கார்ந்து, என்னிடம் தாள் வாங்கி வலை வரைய ஆரம்பித்தார்கள். அன்றைக்கு நூலகம் அடைக்க அரை மணி நேரம் தாமதமானது.