'செல்ஃப் ஃபால்' என்று எழுதுவதற்கு முன்

விடிகாலை ஐந்தே கால். 108-லிருந்து இறக்கிய பெரியவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். இரவு வாட்ச்மேன் வேலை முடித்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். இடது காறை எலும்பு முறிந்து தோலை முட்டிக்கொண்டு நின்றது. இடது முழங்கையில் பொடி ஜல்லி.

"எப்படிங்கய்யா விழுந்தீங்க?"

"லாரி ஒண்ணு உரசுற மாதிரி போச்சு சார். காத்து அப்படியே இழுத்துச்சு. ஹேண்டில் ஆடிப்போச்சு."

ஹவுஸ் சர்ஜன் அதற்குள் ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது விபத்துப் பதிவேட்டில், எழுதி முடித்திருந்தார்: சைக்கிள், செல்ஃப் ஃபால். லாரி மேலே படவில்லை, அதனால் அவர் தானாக விழுந்த கணக்கு. எலும்பு முறிவு வார்டில் இத்தனை வருஷத்தில் இந்த இரண்டு வார்த்தை அளவுக்கு எனக்கு எரிச்சல் மூட்டியது வேறில்லை.

சைக்கிளில் வந்து விழுகிறவர்களுக்கு இடதுபக்கம் உடைந்திருப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நம் ஊரில் வண்டி வலதுபக்கமாகக் கடக்கிறது. மிரண்டவர் இடதுபக்கம் சாய்கிறார்.

"ஓரமாப் போகவேண்டியதுதானே?" என்று கார் வைத்திருக்கும் நண்பர்கள் கேட்பார்கள். அந்த ஓரத்தை இறங்கிப் பார்த்தால் தெரியும். தார் மேல் தார் போட்டுப் போட்டு, பல இடங்களில் ரோட்டு விளிம்பு பக்கத்து மண்ணைவிட அரையடி உயர்ந்து நிற்கிறது. முன்சக்கரம் அதில் இறங்கிவிட்டால் அவ்வளவுதான். மறுபடி ஏற ஹேண்டிலை வலதுபக்கம் ஒடிப்பார். டயர் விளிம்போடு தேய்த்துக்கொண்டே வரும், ஏறாது. ஏறினால் சட்டென்று ஏறி ஆளை நடுரோட்டில் தள்ளும். போதாததற்கு மணல், கண்ணாடித் துண்டு, எதிர்த்திசையில் வரும் பைக். விளிம்பிலிருந்து ஒரு கை தூரம் உள்ளே தள்ளி ஓட்டுபவரைத் திமிர் பிடித்தவர் என்று திட்டாதீர்கள்.

கடக்கிறவர்தான் இடம் விடவேண்டும். ஜெர்மனியில் 2020-லிருந்து ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் என்று சட்டத்திலேயே எண்ணாக இருக்கிறது. 1.5 மீட்டர் என்பது ஏறக்குறைய ஐந்தடி. ஒரு ஆள் குறுக்கே விழுந்து கிடக்கிற இடம். அவர் தடுமாறி விழுந்தாலும் உங்கள் சக்கரத்துக்கு அடியில் வரமாட்டார், கணக்கு அவ்வளவுதான். அந்த இடம் இல்லையென்றால் பின்னாலேயே மெதுவாக வாருங்கள். பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தால் ஆள் இன்னும் தடுமாறுவார்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சைக்கிள் கொடுக்கிற மாநிலம் இது. அந்தப் பிள்ளைகளைக் கடக்கும்போது எவ்வளவு இடம் விடணும் என்பதையும் மாநிலம் முழுக்க ஓர் எண்ணாகச் சொல்லி, லைசென்ஸ் டெஸ்டில் கேட்கவேண்டும். பின்மட்கார்டில் ஒளிரும் ஸ்டிக்கர், டைனமோ விளக்கு, ஹெல்மெட் எல்லாம் நல்லதுதான். லாரிக் காற்றை அவை தடுக்காது.

இனி ஏ.ஆர். புத்தகத்துக்கு வருகிறேன். அடையாளம் தெரியாத வண்டியால் விபத்து என்றால், 2022 ஏப்ரல் 1 முதல் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் உண்டு. தானாக விழுந்தார் என்று எழுதிவிட்டால் அங்கே வண்டியே இல்லை. யாரிடம் போய்க் கேட்பது? அந்த ரோட்டு விளிம்பும் எவர் கணக்கிலும் வராது.

அதனால் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் நேரம், இடம், என்ன வண்டி, என்ன நிறம் என்று பார்த்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். பயம் வேண்டாம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தில் உதவுகிறவர்களைக் காக்கிறது. டாக்டர்களுக்கு ஒன்று: காயம்பட்டவர் சொல்வதை அவர் சொன்னபடி எழுதுங்கள். தீர்ப்பெழுதுவது நம் வேலையில்லை.

அன்று அந்த வரியை அடித்துவிட்டு, 'அடையாளம் தெரியாத லாரி மிக நெருக்கமாகக் கடந்ததில் நிலைதடுமாறி விழுந்ததாகக் கூறுகிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கைக்குத் தூளி கட்டும்போது பெரியவர் மெதுவாகக் கேட்டார்:

"சைக்கிள் அங்கேயே கெடக்கு சார். யாராச்சும் எடுத்துட்டுப் போயிருவாங்களா?"