ராசியில்லாத டார்ச்சும் உப்புக் கையும்

பழைய டைவிங் டார்ச் ஒன்று வைத்திருக்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: இரண்டு ஹாலோஜன் பல்பு மாற்றியும் சீக்கிரமே போய்விட்டன, ராசியில்லாத டார்ச் என்கிறார்கள், எந்த பல்பு வாங்குவது? ராசி என்று சொல்லிவிட்டால் காரணம் தேடுவது அங்கேயே நின்றுவிடும், அதுதான் எனக்கு ஆற்றாமை.

முதலில், தண்ணீருக்கென்று தனி பல்பு தேட வேண்டாம். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல நாலு மடங்கு, ஆனால் அதைத் தாங்குவது டார்ச்சின் உடலும் முன் கண்ணாடியும் தண்ணீர் புகாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும்தான், பல்பு உள்ளே காற்றில் காய்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறது. வோல்ட், ஆம்பியர் அல்லது வாட், அடிப்பகுதி, இவை பொருந்தினால் போதும். பல்பின் கழுத்தில் பொடி எழுத்தில் இருக்கும், மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் படியுங்கள். வெறும் இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் இடைவெளியை அளக்க வேண்டும்: 4 மில்லிமீட்டர் என்றால் அடிப்பகுதி ஜி4 வகை, 6.35 என்றால் ஜிஒய்6.35 வகை. இழை இருக்கும் உயரமும் பழையதைப் போலவே இருக்கட்டும், இல்லையென்றால் ஒளிவட்டத்தின் நடுவில் கறுப்பு ஓட்டை விழும்.

சரி, பல்பு ஏன் போகிறது? டங்ஸ்டன் இழை 2,500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும்போது அணுக்கள் ஆவியாகிப் பறக்கின்றன. சாதாரண பல்பில் அவை கண்ணாடியில் கறுப்பாகப் படியும். ஹாலோஜனில் கொஞ்சம் அயோடினோ புரோமினோ இருக்கிறது, அது சுவரோரம் அந்த அணுக்களைப் பிடித்துக்கொண்டு வாயுவாகவே சுற்றி, இழைக்குப் பக்கத்தில் வந்ததும் சூட்டில் பிரிந்து டங்ஸ்டனை அங்கேயே இறக்கிவிட்டு அடுத்ததைப் பிடிக்கக் கிளம்புகிறது! ஆனால் கிளம்பிய இடத்திலேயே திரும்ப இறக்குவதில்லை, அதனால் மெலிந்த இடம் மேலும் மெலிந்து ஒருநாள் அறுகிறது. இந்தச் சுழற்சி நடக்க சுவர் 250 டிகிரியாவது இருக்க வேண்டும், அதனால்தான் பல்பு அவ்வளவு குட்டி, சாதாரண கண்ணாடிக்குப் பதில் சூடு தாங்கும் குவார்ட்ஸ். இந்த பல்புக்கு 1959இல் அமெரிக்க நிறுவனமான ஜெனரல் எலக்ட்ரிக்கின் எல்மர் ஃபிரிட்ரிச், எம்மெட் வைலி இருவர் பெயரில் காப்புரிமை வந்தது. அயோடினும் டங்ஸ்டனும் சூட்டில் என்ன செய்கின்றன என்று பொறுமையாகப் பார்க்கச் சம்பளம் கொடுத்ததால் கிடைத்தது இது, நம் ஆய்வகங்களிலும் இப்படிப்பட்ட வேலைக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

இப்போது உங்கள் கையைப் பாருங்கள். கடலிலிருந்து ஏறிய கை, வியர்வையும் உப்பும். அதோடு பல்பைத் தொட்டால் உப்பிலுள்ள சோடியம் சூட்டில் குவார்ட்ஸைப் படிகமாக்கும், தொட்ட இடம் வெள்ளையாக மங்கி வலுவிழக்கும். டிஷ்யூவால் பிடியுங்கள், தொட்டுவிட்டால் ஆல்கஹாலால் துடையுங்கள்.

இன்னொரு சந்தேகம் வோல்ட். 5 சதவீதம் கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். நாலு ஆல்கலைன் செல் புதிதாக 6 வோல்ட், நாலு ரீசார்ஜபிள் நிக்கல் செல் 4.8தான், 4.8க்கு வாங்கிய பல்பை 6 வோல்ட்டில் போட்டிருக்கிறீர்களா? அதிக வாட் போடுவதும் வேண்டாம், பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் இளகிவிடும்.

ஐரோப்பாவில் 2023 செப்டம்பரிலிருந்து இந்த ஜி4, ஜிஒய்6.35 ஹாலோஜன்களைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவர முடியாது, அதனால் கிடைக்கும்போதே இரண்டாக வாங்கிவிடுங்கள். எல்இடி போடலாம், ஆனால் செல் வோல்ட்டும் துருவமும் பொருந்த வேண்டும், அதன் சூடு அடிப்பகுதி வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால் மூடிய பிளாஸ்டிக் உடலில் பெரிய வாட் தாங்காது.

மாற்றியதும் தரையில் ரொம்ப நேரம் எரியவிடாதீர்கள், பழைய டார்ச்சுகளில் பல தண்ணீரின் குளிர்ச்சியை நம்பியே செய்யப்பட்டவை. ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி எரித்துப் பாருங்கள், ஓ-ரிங் ஓரமாகக் குமிழி வருகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.