வேலை கேட்டு வருபவரிடம் சிபில் கேட்கலாமா?

ஆட்சேர்ப்புத் தொழிலில் இருப்பதால் நிறுவனங்களிடமிருந்து இந்தக் கோரிக்கை எனக்கு அடிக்கடி வருகிறது: “சர்டிபிகேட், முகவரி எல்லாம் சரிபார்க்கிறீர்களே, அப்படியே சிபில் ஸ்கோரையும் வாங்கிவிடுங்கள்.” சிபில் ஸ்கோர் என்பது ஒருவர் தன் கடன்களை எப்படிக் கட்டியிருக்கிறார் என்பதை வைத்துப் போடும் மதிப்பெண். எந்த வேலைக்கு என்று திருப்பிக் கேட்பேன். காசாளர், கணக்குப் பிரிவு என்றால் பேசலாம். குடோன் சூப்பர்வைசருக்கும் டிசைனருக்கும் அது எதற்கு?

வங்கி வேலை வேறு. அங்கே விண்ணப்ப அறிவிப்பிலேயே நிபந்தனை இருக்கும். கடன் வரலாறு சரியில்லை என்று ஸ்டேட் வங்கி ஒருவரின் நியமனத்தை ரத்து செய்தது செல்லும் என 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப் பணத்தைக் கையாள்பவரிடம் நிதி ஒழுக்கம் எதிர்பார்ப்பது நியாயம்தான். அதையே சாக்காக வைத்து எல்லோரிடமும் கேட்பதைத்தான் நான் ஏற்பதில்லை.

300 முதல் 900 வரையிலான அந்த எண், வாங்கிய கடனைக் கட்டுவாரா என்று கணிக்க வங்கிகளுக்காக உருவானது. கை சுத்தமா, வேலை தெரியுமா என்பதையெல்லாம் அது சொல்லாது. கடனே வாங்காதவருக்கு ஸ்கோரே இருக்காது. அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

பார்த்தே ஆகவேண்டும் என்றால் எண்ணை விட்டுவிட்டு, அதனுடன் வரும் கடன் அறிக்கையைப் படியுங்கள். ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும்; தவணை எத்தனை நாள் தாமதம் என்று அவற்றில் தெரியும். இன்ஜினீயரிங் முடித்த ஒரு பையனின் அறிக்கையில் கல்விக்கடன் 30, 60, 90 என்று ஏறிக்கொண்டே போயிருந்தது. படிப்பு முடிந்தும் வேலை கிடைக்காத காலம் அது. சின்ன வேலை ஒன்று கிடைத்த பிறகு எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். முதல் சம்பளத்திலிருந்தே கடனைக் கட்டியவரை ஸ்கோர் குறைவு என்று தள்ளினால், நஷ்டம் முதலாளிக்குத்தான். வேலை இல்லாததால் கடன் நிற்கிறது, கடன் நிற்பதால் வேலை இல்லை என்றால் அவர் எங்கேதான் போவார்?

கேட்பதாக இருந்தால், ஆளைத் தேர்வு செய்த பிறகு, எழுத்துப்பூர்வச் சம்மதத்துடன் கேளுங்கள். தாமதத்துக்கு விளக்கம் சொல்லவும் வாய்ப்புக் கொடுங்கள்.

வேலை தேடுபவர்களுக்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கித் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும்போதே எடுத்துப் பாருங்கள். நீங்கள் வாங்காத கடன் அதில் இருந்தால் உடனே புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அப்புறம், பாதித் தொகை கட்டி ‘செட்டில்’ செய்த கடன், முடித்த கடனாகப் பதிவாகாது. மீதியையும் கட்டி, நிலுவையில்லாச் சான்று வாங்கி, அறிக்கையில் ‘குளோஸ்டு’ என்று மாறியிருக்கிறதா என ஒருமுறை பார்த்துவிடுங்கள்.