நீராற்றுதல்: 'கியூரிங்' என்பதற்கு ஏற்ற தமிழ்ச்சொல்

வீடு கட்டும் இடங்களில் நாள்தோறும் காதில் விழும் சொல் 'கியூரிங்'. கொத்தனார்கள் இதையே 'தண்ணி விடுறது' என்பார்கள். வார்த்த கான்கிரீட்டின் ஈரம் வெயிலிலும் காற்றிலும் பறந்துவிடாமல் குறிப்பிட்ட நாள்கள் வரை காத்து, அது தனக்குரிய வலுவை அடையச் செய்வதே இதன் பொருள்.

இந்த ஆங்கிலச் சொல்லின் வேர், அக்கறை, பேணுதல் என்ற பொருளுடைய 'கூரா' என்னும் இலத்தீன் சொல். நோயைக் குணப்படுத்துவதற்கு வழங்கிய அச்சொல், இறைச்சிக்கு உப்பிடுதல், புகையிலையைப் பக்குவம் செய்தல் என விரிந்து கான்கிரீட்டுக்கும் வந்தது. அந்த முந்தைய தொழில்களில் பக்குவம் என்பது பெரும்பாலும் ஈரத்தைப் போக்குவது. கான்கிரீட்டிலோ ஈரத்தைக் காப்பது. ஆகவே 'பதப்படுத்துதல்' என்று பெயர்ப்பதில் பிழை இல்லை என்றாலும், செய்ய வேண்டியது என்ன என்பதை அச்சொல் காட்டுவதில்லை. 'உலர்த்துதல்' என்பதோ முற்றிலும் தவறு.

அந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததுதான். மண்சுவரும் பச்சைச் செங்கல்லும் காய்ந்தே கெட்டியாகின்றன. அந்தப் பழக்கத்தில் கான்கிரீட்டும் 'காய்கிறது' என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் சிமெண்ட் நீருடன் வேதிவினை புரிந்து, ஜல்லியையும் மணலையும் பிணைக்கும் பசையாக மாறுவதால்தான் கான்கிரீட் கெட்டிப்படுகிறது. ஆற்றுக்குள் நிற்கும் பாலத்தின் அடித்தளம் நீருக்கடியிலேயே இறுகி வலுப்பெறுவது இதற்குப் போதிய சான்று. ஈரம் வற்றினால் அந்த வினை நின்றுவிடும். கான்கிரீட் காய்ந்திருக்கும், ஆனால் முதிர்ந்திருக்காது.

கலக்கும்போது ஊற்றிய நீர் போதாதா என்று வீட்டுக்காரர்கள் கேட்பது நியாயமான கேள்வி. 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்று வேதிவினையில் பிணைத்துக்கொள்வது ஏறத்தாழ 11 அல்லது 12 லிட்டர். கலவையில் நாம் சேர்ப்பது அதைவிட மிகுதி. சிக்கல் அளவில் இல்லை, இழப்பில் இருக்கிறது. தூணின் நடுப்பகுதி தன் ஈரத்தை நெடுநாள் வைத்திருக்கும். வெயில் படும் மேற்பரப்புதான் முதலில் வறண்டுபோகும். கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் படலமான 'கவர்', தளத்தில் சுமார் 20 மில்லிமீட்டர், தூணில் 40 மில்லிமீட்டர். வறள்வது அந்தத் தோல்தான். ஆணியால் கீறினால் மாவாக உதிரும் தளத்தில் நுண்துளைகள் மிகுந்து, ஈரமும் கடற்கரை ஊர்களில் உப்பும் அவற்றின் வழியே கம்பியைச் சென்றடைகின்றன.

கட்டுமானம் பற்றித் தமிழில் எழுதுவோரிடம் வழங்கும் 'நீராற்றுதல்' என்பதே எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. புண்ணை ஆற்றுவதும் சூட்டை ஆற்றுவதும் 'ஆற்று' என்னும் வினையில் அடங்கும். சிமெண்ட் வினையில் வெப்பம் வெளிப்படுவதால் இரண்டாம் பொருளும் இங்கே இயல்பாகவே பொருந்துகிறது. ஆனால் 'நீராற்றல்' என்று சுருக்கினால் நீரிலிருந்து பெறும் ஆற்றல் என்ற பொருள் குறுக்கிடும் என்பதால், 'நீராற்றுதல்' என்றே எழுதுவது நல்லது.

தளத்துக்கு நம் ஊர்களில் கையாளும் முறை, வயலில் இருந்து வந்தது போன்றது. கலவையால் சிறு வரப்புகள் இட்டுப் பாத்தி கட்டி, இரண்டு விரற்கடை உயரத்துக்கு நீர் நிறுத்துவார்கள். ஒரு பாத்தி கசிந்தாலும் மற்றவற்றில் நீர் நிற்கும். இதைவிடச் சிறந்த முறையை நான் கண்டதில்லை. பாத்தி கட்ட மறுநாள் வரை பொறுக்க வேண்டும் என்றாலும், கோடையில் வார்த்த அன்றே, மேற்பரப்பு சற்று இறுகியதும், பிளாஸ்டிக் தாளால் மூடிவிட வேண்டும். இல்லையேல் முதல் சில மணி நேரத்திலேயே மயிரிழை வெடிப்புகள் ஓடும். கான்கிரீட் பாகங்களை முன்னதாகவே வார்த்துத் தரும் ஆலைகளில் நீராவியால் நீராற்றுவதும், நீர் கிடைக்காத இடங்களில் ஈரத்தை உள்ளே அடைக்கும் மெழுகுப் பூச்சைத் தெளிப்பதும் உண்டு.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 (2000), சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் என்றும், வறண்ட வெப்பச் சூழலில் 10 நாளுக்குக் குறையக்கூடாது என்றும் கூறுகிறது. இன்று வீடுகளுக்குப் பெரிதும் வாங்கப்படும் பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொஸ்ஸோலானா) சிமெண்டில் கலந்துள்ள நிலக்கரிச் சாம்பல் மெதுவாகவே வினைபுரியும் என்பதால், அதற்குக் குறைந்தது 10 நாளும், இயன்றால் 14 நாளும் வேண்டும். 7 நாள் கணக்கு பழைய சிமெண்டோடு பழகிய கணக்கு. சிமெண்ட் மாறிய பின்னும் அது மாறாமல் தொடர்வதுதான் எனக்குப் பெரும் வருத்தம்.

மிகுதியாகக் கைவிடப்படுவது தூண். அதில் நீர் நிற்காது. சுற்றிய சாக்கு காலையில் நனைத்தால் சித்திரை வெயிலில் முற்பகலுக்குள் மொரமொரப்பாகிவிடும். காய்ந்த சாக்கு தூணிலிருந்தே ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். மாலையில் மீண்டும் ஒரு வாளி ஊற்றி, தூணுக்குத் தண்ணீர் விட்டாயிற்று என்பார்கள். நனைந்தும் காய்ந்தும் மாறிமாறி நிற்பது நீராற்றுதல் ஆகாது. சாக்கின் மேல் பிளாஸ்டிக் தாளை இறுகச் சுற்றிக் கட்டினால் அதே ஒரு வாளி நீர் மறுநாள் காலை வரை நிற்கும். தாளைச் சற்று விலக்கிச் சாக்கைத் தொட்டால் விரல் நனைய வேண்டும்.