தேய்த்தாலும் போகாத கறுப்பு

பின்கழுத்தில் கறுப்பாக, வெல்வெட் துணி போலத் தடித்து ஒரு பட்டை. அழுக்கு என்று நினைத்து நாரும் சோப்புமாகத் தேய்ப்பார்கள். தோல் எரியும், கறுப்பு போகாது. ரத்தத்தில் இன்சுலின் மிகுந்தால் அது தோலின் செல்களையும் பெருகத் தூண்டும். அந்தப் பெருக்கம்தான் அங்கே தெரிகிறது. பிசிஓஎஸ் என்ற, பெண்களின் சினைப்பையைப் பாதிக்கும் ஹார்மோன் கோளாறு உள்ள பலருக்கு ஸ்கேனுக்கு முன்பே கழுத்து சேதி சொல்லிவிடுகிறது.

ஸ்கேன் என்றதும் 'நீர்க்கட்டி' என்பார்கள். குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. 1935இல் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவன்தால் என்ற மருத்துவர்கள் ஏழு பெண்களை ஆராய்ந்து இதை விவரித்தார்கள். சினைப்பையில் கண்ட குமிழ்களைக் கட்டி என்று எழுத, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. உண்மையில் அவை பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப் பைகள். ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர்தான். மாதாமாதம் ஒன்று மட்டும் முந்தி, சுமார் 20 மில்லிமீட்டர் வளர்ந்து வெடித்து, முட்டையை வெளியே விட வேண்டும். இங்கே பெரும்பாலும் எதுவும் முந்துவதில்லை.

ஏன்? ஆண்ட்ரோஜனை 'ஆண் ஹார்மோன்' என்கிறோம், ஆனால் பெண்ணின் சினைப்பையும் அதைக் கொஞ்சம் சுரக்கிறது. பலருக்கு உடலின் தசைகள் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. கணையமும் விடாமல் இன்னும் சுரந்து தள்ளும். வேடிக்கை என்னவென்றால், சினைப்பைக்கு மட்டும் காது நன்றாகவே கேட்கும்! வந்த இன்சுலினையெல்லாம் உத்தரவாக எடுத்துக்கொண்டு ஆண்ட்ரோஜனைக் கூட்டும். அது மிகுந்தால் முட்டைப் பைகள் பாதியிலேயே நின்றுபோகும். அதே சமயம் கல்லீரல், ஆண்ட்ரோஜன்களில் ஒன்றான டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிப்போடும் புரதத்தைக் குறைத்துவிடும். அவிழ்ந்த டெஸ்டோஸ்டிரோன் தாடையில் முடியைத் தடிக்க வைக்கும், தலையில் மெலிய வைக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்கூட இல்லை.

முட்டை வெளியேறாததால் மாதவிடாய் தள்ளிப்போகும். 'தொல்லை விட்டது' என்று மாதக்கணக்கில் விட்டுவிடக் கூடாது. கருப்பையின் உள்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகும்.

சரி, மனசு? மனச்சோர்வும் பதற்றமும் இவர்களுக்கு அதிகம். அதனால்தான் 2023இல் வந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டி, பிசிஓஎஸ் உள்ள எல்லோரிடமும் அதைப் பற்றிக் கேட்கச் சொல்கிறது. பேசும்போதே விரல் தானாகத் தாடைக்குப் போய் ஒரு முள்முடியைத் தேடும். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழாத நாற்காலியாகப் பார்த்து உட்காரத் தோன்றும். இதற்கு நடுவில் 'எடையைக் குறை, எல்லாம் சரியாகிடும்' என்று ஒருவர் வருவார். எடை கூடியவர்களுக்கு 5 சதவீதம் குறைந்தாலே மாதவிடாய் சீராகலாம் என்பது உண்மைதான். ஆனால் கொழுப்பைச் சேர்த்துவைப்பதும் இன்சுலினின் ஒரு வேலை; மிகுந்த இன்சுலினோடு எடை குறைப்பது எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பது மாதிரி. ஒல்லியானவர்களுக்கும் பிசிஓஎஸ் வருகிறது, அவர்களிடம் எதைக் குறைக்கச் சொல்வார்கள்?

மருந்துக்கும் பொறுமை வேண்டும். முளைத்துவிட்ட முடி தன் சுற்றை முடித்துத்தான் உதிரும் என்பதால், ஹார்மோன் மாத்திரை தொடங்கி ஆறு மாதமாவது ஆகும் வித்தியாசம் தெரிய. அதுவரை ட்வீசர் கைப்பையிலேயே இருக்கும்.