காயக்கட்டில் பம்ப் வைத்தால் எந்த உரிமம்? மருத்துவச் சாதன விதிகள் 2017

ஆறாத புண்ணின் மேல் ஸ்பான்ஞ் வைத்து, காற்றுப் புகாத ஒட்டுப்படலத்தால் மூடி, ஒரு சிறு பம்பால் நீரை உறிஞ்சி எடுக்கும் கட்டு இப்போது உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டது. கல்லூரி ஆய்வகத்திலேயே மாதிரி செய்துவிடலாம். ஆனால் இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவச் சாதனங்களும் மருந்துகள், அழகுசாதனங்கள் சட்டத்துக்குள் வந்துவிட்டன. எந்த உரிமம் என்று சொல்வது அதன் கீழ் உள்ள மருத்துவச் சாதன விதிகள் 2017. பேட்டரியில் ஓடும் சின்னப் பொருள்தானே என்று விலக்குக் கேட்க வழியில்லை.

முதலில் முடிவாக வேண்டியது சாதனத்தின் பிரிவு: ஆபத்து குறைந்த ஏ-யில் தொடங்கி பி, சி, ஆபத்து மிகுந்த டி வரை. அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பம்பைவிட, 'பயன்படும் நோக்கம்' என்று நீங்கள் எழுதித் தரும் வாசகம். காயத்தை மூடவும் கசிவை உறிஞ்சவும் மட்டும் என்றால் ஏ. காயத்தின் ஈரம் போன்ற சூழலைப் பராமரிக்க என்றால் பி. தோலின் உள்ளடுக்கையும் தாண்டி, அடியிலிருந்து சதை வளர்ந்துதான் ஆற வேண்டிய புண்ணுக்கு என்றால் சி. உடல் திரவத்தை வெளியேற்றும் மின்சாதனத்துக்குத் தனி விதி உண்டு. அது பொதுவாக பி, ஆபத்தான முறையில் செய்தால் சி. இரண்டு விதிகள் பொருந்தினால் உயர்ந்த பிரிவே செல்லும். ஸ்பான்ஞ்சில் மருந்தாகக் கருதத்தக்க பொருளைச் சேர்த்தால் டி வரை போகும். விளம்பரத்துக்காக 'சர்க்கரை நோயாளியின் ஆழமான கால்புண்ணுக்கும்' என்று ஒரு வரி கூட்டினால், அந்த வரியே சாதனத்தை சி ஆக்கி, உங்களை மாநில அலுவலகத்திலிருந்து டெல்லியில் உள்ள மத்திய அதிகாரியிடம் அனுப்பிவிடும்.

மாதிரி செய்யும்போதே சோதனை உரிமம் வேண்டும். எம்டி-12 படிவத்தில் மத்திய உரிம அதிகாரியிடம் விண்ணப்பித்தால் எம்டி-13 கிடைக்கும். கட்டணம் ஒரு சாதனத்துக்கு ரூ.500, மூன்று ஆண்டு செல்லும். பலர் சறுக்குவது இங்கேதான். இது சோதனைக்காகக் கொஞ்சம் செய்துகொள்ளத் தரும் அனுமதி. நோயாளியின் காலில் ஒட்டிப் பார்க்க அனுமதி அல்ல. புதுச் சாதனத்தை மனிதரிடம் சோதிக்க எம்டி-22இல் தனியாக விண்ணப்பித்து எம்டி-23 பெற வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும்.

விற்பனைக்கு உற்பத்தி செய்ய, பி பிரிவுக்கு மாநில உரிம அதிகாரியிடம் எம்டி-3. உற்பத்தி இடத்துக்கு ரூ.5,000, ஒவ்வொரு சாதனத்துக்கும் ரூ.500. சி, டி பிரிவுக்கு மத்திய அதிகாரியிடம் எம்டி-7, இடத்துக்கு ரூ.50,000, சாதனத்துக்கு ரூ.1,000. உரிமத்துக்குக் காலாவதி இல்லை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் கட்ட வேண்டும். சொந்தத் தொழிற்சாலை இல்லாதவர்கள், உரிமம் உள்ள வேறொருவர் இடத்தில் செய்யக் கடன் உரிமம் கேட்கலாம்: பி-க்கு எம்டி-4, சி-க்கு எம்டி-8. தொடக்க நிறுவனத்துக்கு இதுதான் புத்திசாலித்தனம் என்பது எங்கள் கருத்து. தூய்மை அறை கட்டும் செலவில் பாதிக் கனவு கரைந்துவிடும்.

கட்டணத்தைவிடக் கடினமானது சாதனத்தின் முழு விவரக் கோப்பு. தோலில் படும் பொருள் உடலுக்குத் தீங்கு செய்யாது எனக் காட்ட ஐஎஸ்ஓ 10993 தரநிலை, மின்பகுதியின் பாதுகாப்புக்கு ஐஈசி 60601-1 தரநிலை, வீட்டில் பயன்படுத்துவதென்றால் அதன் 1-11 பகுதி என்று சோதனை அறிக்கைகள் சேர வேண்டும். வடிவமைப்புப் பிழைகள் அம்பலமாவதும் அப்போதுதான். பெரிய கருவிகளில் வழக்கமான அழுத்தம் மைனஸ் 125 மி.மீ. பாதரசம் (வெளிக்காற்றழுத்தத்தைவிட அவ்வளவு குறைவு), ஒருமுறை பயன்படுத்தும் சிறு கட்டுகள் சிலவற்றில் மைனஸ் 80. இதை அளக்கும் சென்சாரைப் பம்புக்குப் பக்கத்திலேயே வைப்பது பெரிய தவறு. நடுக்குழாய் ரத்தக் கட்டியால் அடைத்துக்கொண்டால் பம்ப் பக்கம் அழுத்தம் சரியாகக் காட்டும், காயத்திலோ உறிஞ்சலே இருக்காது. அதற்காகத்தான் உறிஞ்ச ஒரு துளை, அழுத்தம் பார்க்க ஒரு துளை என இரட்டைத் துளைக் குழாய்.

நாணய வடிவ பேட்டரியும் வேண்டாம். அது நிதானமாகத் தருவது சில மில்லி ஆம்பியர். சிறு மோட்டாருக்கே அதைப் போலப் பல மடங்கு தேவை. ஒட்டுப்படலம் ஓரத்தில் லேசாகக் கசிந்தாலும் பம்ப் ஓயாமல் ஓடி பேட்டரியைத் தின்றுவிடும்.

கிருமிநீக்கத்தை முதல் நாளே யோசியுங்கள். காமா கதிர் சிப்பைக் கெடுக்கும். எத்திலீன் ஆக்சைடு வாயு தீப்பிடிப்பது, ஆகவே பேட்டரியை மின்சுற்றிலிருந்து பிரித்தே அறைக்குள் அனுப்ப வேண்டும். கட்டில் தங்கும் வாயு எச்சத்தையும் அளந்து காட்ட வேண்டும்.

லேபிளில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த மற்றும் காலாவதி மாதம், கிருமிநீக்க முறை, ஒருமுறைப் பயன்பாடு என்ற குறிப்பு அவசியம். எங்கே ஒட்டக்கூடாது என்பதைக் கையேட்டில் பெரிதாகவே போடுங்கள்: திறந்து தெரியும் ரத்தக்குழாய், காயத்தில் புற்றுநோய், கருகி இறுகிய சதை, சிகிச்சை பெறாத எலும்புத் தொற்று. இவ்வகைக் கருவிகளில் மிகக் கடுமையான விளைவு ரத்தப்போக்கு என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009இலும் 2011இலும் எச்சரித்தது. எதிர்பாராத கடும் பாதிப்பு நேர்ந்ததாகச் சந்தேகம் வந்தால், தெரியவந்த 15 நாளுக்குள் உரிம அதிகாரிக்கு எழுத வேண்டும். சரக்கைத் திரும்பப் பெற்றிருந்தால் அதையும் அதே கடிதத்தில் சேர்க்கவும்.