காதில் விழும், காதில் வாங்கமாட்டார்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபம். தூக்கத்தைப் பற்றி 25 நிமிடம் பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். முன்வரிசைப் பிரமுகர்கள் பாதிப் பேர் கைப்பேசியில் இருந்தார்கள். அரங்கின் பின்கோடியில், ஒலியைச் சரிபார்க்கும் மிக்ஸருக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சவுண்ட்காரத் தம்பி மட்டும் ஹெட்போனோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் விடாமல் கேட்ட ஒரே ஆள் இவர்தான் என்று நேராக அவரிடமே போனேன்.

“எப்படி இருந்துச்சு தம்பி?”

“உங்க ‘ஸ’ கொஞ்சம் சீறுதுக்கா. 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இறக்கிவிட்டேன். அப்புறம் நல்லாருந்துச்சு.”

“பேச்சு?”

“அதத்தான்க்கா சொல்றேன்.”

எதைப் பற்றிப் பேசினேன் என்று கேட்டதற்கு, திரையில் தலைப்பு இன்னும் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். எடுத்துவிட்டிருந்தார்கள். சிரித்துவிட்டோம்.

கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் தமிழ் இதற்கு முன்பே சொல் வைத்திருக்கிறது: காதில் விழுவது வேறு, காதில் வாங்குவது வேறு. என் பேச்சு முழுவதும் அவர் காதில் விழுந்தது, அதுவும் அந்த மண்டபத்தில் வேறு யார் காதிலும் விழாத துல்லியத்தோடு. வாங்கியதுதான் வேறு சரக்கு.

இந்தப் பிரிவினையை 1953இல் ஆய்வகத்தில் காட்டியவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி காலின் செர்ரி. ஹெட்போனில் இரண்டு காதுக்கும் இரண்டு வெவ்வேறு பேச்சு. ஒரு காதில் வருவதை அப்படியே வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். மறு காதில் என்ன வந்தது என்று பிறகு கேட்டால் ஒரு சொற்றொடர்கூடச் சொல்ல முடியவில்லை. அந்தக் காதில் ஆங்கிலத்தை நிறுத்தி ஜெர்மன் ஓட்டினார்கள். அதையும் பலர் கவனிக்கவில்லை. ஆனால் ஆண் குரல் பெண் குரலானால் தெரிந்தது. 400 ஹெர்ட்ஸில் ஒரு தனி விசில் ஒலியை நுழைத்தால் தவறாமல் தெரிந்தது.

பொருள் உள்ளே போவதில்லை. ஒலியின் குணம் போகிறது. மிக்ஸருக்குப் பின்னால் இருப்பவருக்கு வேண்டியதும் அதுதான். இந்தத் தம்பி ஒரு நாள் மாண்டரின் மாநாடு, மறுநாள் மலாய்க் கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை நம்முடைய பட்டிமன்றம் என்று ஓடுகிறார். மாண்டரினில் அவருக்குத் தெரிந்தது, நன்றி என்று பொருள்படும் ‘ஷியெ ஷியெ’ ஒன்றுதான். அது கேட்டால் பேச்சு முடிகிறது, ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடருக்குக் கை போக வேண்டும். நம்மவர்கள் கூட்டத்தில் ‘நன்றி வணக்கம்’ என்பதை அவர் உடனே நம்புவதில்லை. அதற்குப் பிறகும் இரண்டு நிமிடம் வரும் என்று அனுபவம் சொல்லியிருக்கிறது.

சரி, என்னதான் கேட்கிறார்? முதலில் ஊளை. மைக் வாங்கிய ஒலி, ஒலிபெருக்கிப் பெட்டி வழியாகப் பெரிதாகி வெளியே வருகிறது. அதில் ஒரு பங்கு திரும்பவும் மைக்குக்கே வந்து மறுபடி பெரிதாகிறது. ஒரு சுற்று முடிந்து வரும்போது ஒலி முன்னைவிடச் சிறிதாக இருந்தால் ஆபத்தில்லை. ஏதோ ஒரு அதிர்வெண்ணில் இம்மியளவு கூடிவிட்டால் கூச்சல்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டிக்கும் மைக்குக்கும் மூன்றரை மீட்டர் இடைவெளி என்றால் ஒரு சுற்றுக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். சுற்றுக்கு 1 டெசிபெல் கூடினால் 10 சுற்றில் 10 டெசிபெல், 40 சுற்றில் 40 டெசிபெல். அதாவது அரை நொடிக்குள் முணுமுணுப்பு அலறலாகிவிடும். ஒலியைக் கேட்டு மனிதன் விரலை அசைக்கவே நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது.

ஆகவே அலறலுக்காகக் காத்திருக்க முடியாது. அதற்கு முன் ஒரு வால் வரும். பேச்சாளர் ‘வணக்கம்’ என்று முடித்த பிறகும் அந்த ‘ம்’ கொஞ்சம் தொங்கும். வெண்கலக் கிண்ணத்தைத் தட்டிவிட்டது போல மெல்லிய ரீங்காரம். நமக்கு அது மண்டபத்தின் எதிரொலி. அவருக்கு அபாய மணி. செர்ரியின் விசில் ஒலி எப்படித் தவறாமல் உள்ளே நுழைந்ததோ, அதே வாசல் வழியாகத்தான் இதுவும் நுழைகிறது.

அடுத்தது ‘ப’. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து ‘பள்ளி’ என்று சொல்லுங்கள். காற்று அதிகம் படாது. தமிழ் ‘ப’வில் மூச்சு வெடிப்பதில்லை, மலாயிலும் அப்படித்தான், ‘பாகி’ என்று சொல்லிப் பார்க்கலாம். வெள்ளைக்காரர் போல ‘பீப்பிள்’ என்றாலோ, நண்பன் என்பதற்கு மாண்டரினில் ‘பெங்யோவ்’ என்றாலோ கையில் ஒரு ஊதல் படும். அந்த ஊதல் மைக் சவ்வில் மோதினால் ‘டப்’ என்று அடிவயிற்றில் இடிக்கும். அதனால் பேச்சு மைக்குகளில் 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டி வைப்பார்கள். தமிழில் தொடங்கிய பேச்சாளர் பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவும்போது அவர் சொல்லும் கருத்து மாறியதோ இல்லையோ, மூச்சு மாறிவிட்டது என்பது தம்பிக்குத் தெரியும்.

பிறகு பொன்னாடை. காலரில் குத்திய சின்ன மைக்கின் மேல் சரிகை உரசினால் அரங்கமே சருகுக் காட்டில் நடப்பது போல இருக்கும். யாராவது மடித்த சால்வையோடு மேடை ஓரத்தில் நிற்கிறார்களா என்று பார்ப்பது அவர் தொழிலில் ஒரு பாகம். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று நான் பெருமைப்பட்டேனே, பார்த்தது என் துப்பட்டாவை.

பட்டிமன்றம்தான் பெரிய சோதனை. நடுவரோடு சேர்த்து 7 மைக். திறந்திருக்கும் ஒவ்வொரு மைக்கும் பெட்டிச் சத்தத்தைக் கேட்கும் இன்னொரு காது. மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஊளை வராமல் ஒலியைக் கூட்டக் கிடைக்கும் இடத்தில் 3 டெசிபெல் போய்விடும். ஏழும் திறந்திருந்தால் 8 டெசிபெல்லுக்கு மேல் நட்டம். எனவே பேசாதவர்களின் மைக்கை இறக்கி வைக்க வேண்டும். தாமதமாக ஏற்றினாலோ ‘நடுவர் அவர்களே’ என்பது ‘டுவர் அவர்களே’ ஆகிவிடும். அமெரிக்க ஒலிப் பொறியாளர் டான் டூகன் 1970களில் இதற்கென்றே ஒரு தானியங்கி முறையைக் கொண்டுவந்தார்: எத்தனை பேர் பேசினாலும் மொத்தப் பெருக்கம் ஒரு மைக்கின் அளவைத் தாண்டாதபடி பங்கிட்டுக் கொடுக்கும். அந்த வசதி இல்லாத மிக்ஸரில் ஆள்தான் தானியங்கி. எதிரணிக்காரர் முன்னால் சாய்கிறாரா, மூச்சை இழுக்கிறாரா என்று பார்க்கிறார். என்ன வாதம் என்று பார்க்க நேரமில்லை.

இங்கேதான் எனக்குப் பிடித்த சிக்கல் வருகிறது. பேச்சில் லயித்துக் கேட்டால் இன்னும் நன்றாக மிக்ஸ் செய்வார் என்று நினைக்கத் தோன்றும். பல சமயம் நேர்மாறு. 1970இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் ஒரு வாக்கியத்தைப் பதிவுசெய்து, ஒரு சொல்லின் நடுவில் இருந்த ‘ஸ்’ ஒலியை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் ஒரு இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் 19 பேர் ஒலி எதுவும் விடுபடவில்லை என்றார்கள். மிச்சமிருந்த ஒருவரும் விடுபட்டதாகத் தவறான ஒலியைச் சொன்னார். மூளை பொருளைப் பிடித்துக்கொண்டதும், இல்லாத ஒலியைத் தானே போட்டு நிரப்பிவிடுகிறது. இருமலுக்குப் பதில் வெறும் மௌனத்தை வைத்தால் இந்த ஏமாற்று பலிப்பதில்லை.

கம்பியில்லா மைக்கில் ‘கர்ர்’ என்று ஒரு வெடிப்பு வந்து ‘சான்றோர் பெருமக்களே’யில் ‘ரு’வைத் தின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பேச்சோடு ஒன்றிப்போன சவுண்ட்காரருக்கு ‘ரு’ கேட்டுவிடும். கடைசி வரிசையில், காது சற்று மந்தமான தாத்தாவுக்கு அது கேட்காது. ஒத்திகையிலேயே பேச்சைக் கேட்டு மனப்பாடமாகிவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: எவ்வளவு மங்கலாக வந்தாலும் தெளிவாக இருப்பதாகவே படும். கச்சேரியில் பாட்டு வரிகள் வாத்தியத்துக்குள் மூழ்கிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மிக்ஸ் செய்பவருக்கு வரிகள் தெரியும். பிழை திருத்துபவர் கதையில் மூழ்கினால் எழுத்துப்பிழை தப்பிவிடுவது போலத்தான்.

ஆனாலும் மொழியே தெரியாதவர்தான் சிறந்தவர் என்று சொல்லமாட்டேன். ‘ன’வும் ‘ண’வும் கடைசி வரிசையில் பிரிந்து கேட்கிறதா என்பதை அந்த வித்தியாசம் தெரிந்த காதுதான் சொல்ல முடியும்.

கேட்ட பேச்சு ஏன் நினைவில் நிற்கவில்லை? 1975இல் உளவியலாளர்கள் ஃபெர்கஸ் கிரெய்க், எண்டல் டல்விங் இருவரும் சொற்களைக் காட்டி வெவ்வேறு கேள்விகள் கேட்டார்கள். பெரிய எழுத்தில் இருக்கிறதா? இன்ன சொல்லோடு எதுகை சேருமா? இந்த வாக்கியத்தில் பொருந்துமா? பொருளை யோசிக்க வைத்த சொற்கள்தான் பிறகு அதிகம் நினைவில் நின்றன. எழுத்தின் தோற்றத்தை மட்டும் பார்த்த சொற்கள் பெரும்பாலும் கரைந்துபோயின. என் சொற்களுக்கு அவர் கேட்ட கேள்வி ‘சீறுதா, இடிக்குதா?’ என்பதுதான். தூக்கத்தின் கட்டங்கள் அவர் நினைவில் தங்க வழியில்லை.

கதவு முழுக்கப் பூட்டியும் இல்லை. 1959இல் உளவியலாளர் நெவில் மோரே, கவனிக்காத காதில் கேட்பவரின் பெயரைச் சொல்லிப் பார்த்தார். சுமார் மூன்றில் ஒருவருக்கு அது எட்டியது. சவுண்ட்காரருக்கு அப்படிப்பட்ட பெயர் ‘கேக்குதா?’ என்ற சொல். பேச்சாளர் கவிதையில் ‘என் குரல் உனக்குக் கேட்கிறதா’ என்று உருகினாலும் தம்பியின் கை ஃபேடருக்குப் போய்விடும்.

வேலை குறைந்தாலும் கதவு திறக்கும். ஒரே பேச்சாளர், அசையாத மைக், சீரான குரல் என்றால் பத்தாவது நிமிடத்தில் செய்ய ஒன்றுமில்லை. உளவியலாளர் நில்லி லவி 1990களில், முதலில் பார்வையை வைத்து, காட்டியது இதுதான்: கையிலுள்ள வேலை கவனத்தை முழுதாக உறிஞ்சாதபோது, ஒதுக்கி வைத்தவையும் தாமாக உள்ளே வந்துவிடும். தம்பியே சாட்சி. நீரிழிவு பற்றி மருத்துவர்கள் நடத்திய கூட்டங்களில் ஒரே உரையை மூன்று முறை மிக்ஸ் செய்தாராம். அன்று கூட்டம் முடிந்து கீழே கடைக்குப் போனோம். எனக்குப் பால் தேநீரான தே தாரிக் சொல்லிவிட்டு, தனக்கு ‘தே ஓ கோசோங்’ என்றார். பாலும் இல்லை, சீனியும் இல்லை.

“மூணாவது தடவ பயந்துட்டேன்க்கா.”

இந்த ஓய்வுக்கும் ஒரு விலை உண்டு. இரண்டாம் உலகப் போர் காலத்து ராடார் பணியாளர்களின் சோர்வை ஆராயப் புகுந்த உளவியலாளர் நார்மன் மேக்வொர்த், ஒரு முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவுவதைக் கவனிக்கச் சொன்னார். 1948இல் வெளியான அந்த ஆய்வில், முதல் அரை மணிக்குள்ளேயே கண்டுபிடிப்பு சரியத் தொடங்கிவிட்டது. நம் நிகழ்ச்சிகளில் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை எல்லாம் முடிய இரண்டு மணி நேரமாவது ஆகும். ஊளை பெரும்பாலும் நன்றியுரையில் வருவதை நானும் கவனித்திருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து அதே மண்டபத்தில் மறுபடி பேச அழைத்தார்கள். இந்த முறை தலைப்பே காது. தம்பியிடம் கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன். காலரில் மைக்கைக் குத்திவிட்டு, என் கையைப் பார்த்தார்.

“கண்ணாடி வளையலாக்கா? கழட்டி இப்படிக் குடுங்க, நானே வச்சிருக்கேன்.”